மலையக ஓடை நண்டுகள்: கணக்கெடுப்பு எங்கே நின்றுபோனது?

டிக்கோயாத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு ஓடை நண்டு புதிதல்ல. பீலிக்குக் கீழே கல்லைப் புரட்டினால் ஓடும். பெருமழைக்குப் பிறகு கானுக்குள் வந்து கிடக்கும். சளி பிடித்தால் இடித்து ரசம் வைப்பார்கள். இத்தனை பழகிய உயிரைப் பற்றி விரிவான ஆய்வு தொடங்கியது 1990களில்தான். உயிரியலாளர் ரொஹான் பெத்தியாகொட தொடங்கிய வைல்ட்லைஃப் ஹெரிட்டேஜ் டிரஸ்ட் தீவின் ஓடைகளில் நண்டு தேடியது. நண்டு ஆய்வாளர்களான மொஹமட் பாஹிர், சிங்கப்பூரின் பீட்டர் இங் ஆகியோர் அவற்றை இனம் பிரித்தார்கள். 2005இல் வெளிவந்த அவர்களுடைய மதிப்பீட்டின்படி இலங்கையின் நன்னீர் நண்டுகள் 51 இனங்கள். அவற்றில் 50 இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லாதவை.

இந்த வேலையின் பெருமையைக் குறைத்துப் பேச முடியாது. கடல் நண்டின் முட்டை பொரித்தால் குஞ்சு நீரோட்டத்தில் மிதந்து வெகுதூரம் போகும். மலை நண்டு அப்படியல்ல. தாய் பெரிய முட்டைகளை வயிற்றுமடிப்பில் சுமக்கிறது. வெளிவருவது முழு நண்டின் உருவம் கொண்ட குஞ்சு. அதுவும் பிறந்த ஓடையை ஒட்டியே வாழ்கிறது. அதனால் ஒரு பள்ளத்தாக்கின் நண்டு அடுத்த பள்ளத்தாக்கில் இல்லாமல் போகலாம். ஒரு தோட்டத்து ஓடை கெட்டால் ஓர் இனமே உலகிலிருந்து போய்விடக்கூடும் என்பதைச் சொன்னது அந்த ஆய்வுதான். உலகின் 1,280 நன்னீர் நண்டினங்களை எடைபோட்ட 2009ஆம் ஆண்டு மதிப்பீட்டிலும், இலங்கை நண்டுகளில் ஐந்தில் நான்கு பங்கு அழியும் ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தது.

குறை அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. அழியும் ஆபத்திலுள்ள உயிர்களின் சிவப்புப் பட்டியலில் இந்த நண்டுகளை ஏற்றியது பெரும்பாலும் பரப்பளவுதான். மாதிரி கிடைத்த இடங்களைப் புள்ளி வைத்து, ஓர் இனம் வாழும் நிலம் எவ்வளவு சிறியது என்று பார்க்கிறார்கள். நிலம் சிறிது என்பதால் ஆபத்து பெரிது என்ற முடிவு நியாயமானதே. ஆனால் அந்த ஓடையில் போன வருடத்தைவிட இந்த வருடம் நண்டு குறைந்ததா என்ற கேள்விக்குப் பரப்பளவு பதில் சொல்லாது.

குதிரைலாட நண்டுகளைக் காக்கும் முறையோடு ஒப்பிட்டால் இந்த இடைவெளி தெளிவாகும். பெயர் நண்டு என்றாலும் அவை சிலந்தி, தேள்களுக்கே நெருங்கியவை. வங்காள விரிகுடாவில் ஒடிசா, மேற்கு வங்கக் கரைகளுக்கு முட்டையிட வரும் இரண்டு இனங்கள் உண்டு. அமெரிக்காவின் டெலவேர் குடாவில் இன்னோர் இனத்தை 1990 முதல் எண்ணுகிறார்கள். 1999இல் முறையைச் சீராக்கினார்கள். மே, ஜூன் மாதங்களின் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் தொண்டர்கள் கரையோரம் ஒரு சதுர மீட்டர் சட்டங்களை வைத்து, உள்ளே கிடப்பவற்றை ஆண், பெண் என்று எழுதுகிறார்கள். இப்படி நீண்ட தொடர்கள் இருப்பதால், எத்தனை பிடிக்கலாம் என்று அங்கே தரவை வைத்து வாதாட முடிகிறது.

அதே முறையை மலைக்கு ஏற்றிவிட முடியாது என்பதும் உண்மை. குதிரைலாட நண்டு தானே கரைக்கு வந்து எண்ணிக்கை தருகிறது. மலை நண்டு வரப்புப் பொந்திலும் கல்லடியிலும் ஒளிந்து குஞ்சு காக்கிறது. முதிர்ந்த குதிரைலாட நண்டு ஓடு உரிப்பதில்லை, குத்திய அடையாளவில்லை ஆண்டுக்கணக்கில் நிற்கும். மலை நண்டோ ஓடு உரிக்கும்போது நாம் பூசிய வர்ணத்தையும் கழற்றிவிடும். இனம் காண்பதும் எளிதல்ல: ஆணின் இனப்பெருக்க உறுப்பை உருப்பெருக்கியில் பார்த்தாக வேண்டும். கல்லைப் புரட்டிவிட்டு அப்படியே போட்டுப் போகும் அவசரக்காரர் எண்ண வந்த வீட்டையே இடித்துவிடுவார்.

இந்தத் தடைகளைக் காட்டி எண்ணாமல் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சிவனொளிபாதமலைக் காட்டுக்கு 2010இல் உலக மரபுரிமைத் தகுதி கிடைத்தது. நல்லது. ஆனால் மலையகத்து ஓடைகள் காட்டெல்லையோடு நிற்பதில்லை. தேயிலை மலைகளுக்குள் இறங்கி, லயங்களைத் தாண்டி, காசல்ரீ போன்ற நீர்த்தேக்கங்களில் சேர்கின்றன. மீள்நடுகைக்காகக் கிளறிய மலையிலிருந்து வரும் வண்டல் கல்லிடுக்கை அடைக்கிறது. கிளைபோசேட் களைக்கொல்லிக்கு 2015இல் தடை, 2018இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் விலக்கு, 2021இல் விவசாய இரசாயன இறக்குமதிக்கே தடை, அவ்வாண்டு முடிவதற்குள் தளர்வு. மருந்து நின்றபோதும் திரும்ப வந்தபோதும் ஓடைக்குள் என்ன மாறியது என்பதைப் பெயர்ப் பட்டியல் காட்டாது. ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் அமைப்பின் சுற்றுச்சூழல் சான்றிதழ் வாங்கும் தோட்டம் நீரோரத்தில் மருந்தடிக்காத பட்டையை விட வேண்டும். பட்டை இருப்பதை மட்டும் பார்த்துவிட்டு, அதன் அருகே உயிர் இருக்கிறதா என்று பார்க்காமல் போவது பாதிச் சோதனைதான்.

எண்ணுவதற்கு முதலில் இனப்பெயர் தேவையில்லை. ஓடையின் குறித்த ஐம்பது மீட்டர், ஆண்டுதோறும் அதே பருவம், அதே நேரம், அதே அளவு ஆட்கள், விளக்கு வெளிச்சத்தில் கண்ட நண்டுகள், குஞ்சு சுமக்கும் பெண்கள் தனியாக. புரட்டிய கல்லைப் பழையபடி வைத்துவிட வேண்டும். சில ஆண்களை மட்டும் இனம் பிரிக்க வல்லுநருக்கு அனுப்பலாம். இந்த வேலையைத் தோட்டத்துப் பாடசாலையின் பெரிய வகுப்பு மாணவர்களும் கான் வெட்டும் தொழிலாளர்களும் செய்ய முடியும். பொந்து எங்கே என்று அவர்களுக்குத்தான் தெரியும். தொழிலாளர்கள் அந்த இரவுக்கு வருவதானால் அரைநாட் சம்பளமாவது கொடுக்க வேண்டும். எண்ணிக்கையைத் தோட்டத்தின் மருந்தடிப்புப் பதிவேட்டோடு ஒரே தாளில் வைத்தால், எந்த மலையில் அடித்த மாதத்துக்குப் பின் எந்த ஓடையில் குஞ்சு குறைந்தது என்று தோட்ட நிர்வாகத்திடமே கேட்கலாம்.