வெளிநாட்டு எம்.பி.பி.எஸ்.: போகும் வழியும் திரும்பும் வழியும்

நீட் முடிவு வந்த வாரத்தில் கள்ளக்குறிச்சியிலும் சின்னசேலத்திலும் சுவருக்குச் சுவர் ஒரே விளம்பரம்தான்: குறைந்த செலவில் வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். ரஷ்யா, ஜார்ஜியா, கிர்கிஸ்தான், பிலிப்பைன்ஸ். கோமுகி பாசனத்தில் கரும்பும் நெல்லும் வைத்து, மேட்டு நிலத்தில் மரவள்ளி போட்டுப் பிழைக்கும் வடக்கனந்தல் போன்ற ஊர்களிலும் இப்போது இந்தப் பேச்சு உண்டு. காணியை அடமானம் வைத்தாவது பிள்ளையை அனுப்பிவிட வேண்டும் என்று நினைக்கும் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் எந்த நாடு, எந்தக் கல்லூரி என்பதை நம் குடும்பங்கள் முடிவு செய்யும் விதத்தில் பெரிய ஓட்டை இருக்கிறது.

அனுப்புவதற்கான காரணம் வலுவானது. 2024இல் நாடு முழுவதும் 23 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நீட் எழுதினார்கள், எம்.பி.பி.எஸ். இடங்களோ ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்தன. நம் மாவட்டத்துக்கென்று சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது நல்ல காரியம். 2022 ஜனவரியில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 கல்லூரிகளில் அதுவும் ஒன்று. அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகளையும் வெள்ளைக் கோட்டு போட வைத்திருக்கிறது. ஆனால் இந்த இரண்டிலும் இடம் கிடைக்காதவனுக்கு மிஞ்சுவது தனியார் கல்லூரி. அங்கே நிர்வாக ஒதுக்கீடு என்றால் ஆண்டுக்கே பத்து லட்சத்துக்கு மேல். வெளிநாட்டிலோ 25, 30 லட்சத்தில் மொத்தப் படிப்பும் முடியும் என்கிறார்கள். கணக்குப் போடத் தெரிந்த எந்தத் தகப்பனும் இரண்டாவதைத்தான் யோசிப்பார். இப்படிப் போய் வந்து, இங்குள்ள தகுதித் தேர்விலும் தேறி, அரசு மருத்துவமனைகளில் நன்றாக வைத்தியம் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டுப் படிப்பு என்றாலே மட்டம் என்று பேசுவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

ஏஜென்ட் நீட்டும் கட்டணத் தாளைப் பொறுமையாகப் பார்த்தால் சிக்கல் தொடங்கும் இடம் தெரியும். கல்விக் கட்டணம், விடுதி, மெஸ், விசா, முதல் விமான டிக்கெட் எல்லாம் அதில் இருக்கும். ஆண்டுதோறும் விசா புதுப்பிக்கும் செலவு, காப்பீடு, குளிருக்கு உடுப்பு, விடுமுறைக்கு வந்து போகும் டிக்கெட், திரும்பி வந்தபின் கோச்சிங் ஆகியவை பெரும்பாலும் இருக்காது. தொகையை ரூபாயில் எழுதியிருப்பார்கள். கட்ட வேண்டியதோ டாலரில். 2018இல் டாலர் சுமார் 68 ரூபாய். 2024இல் 83ஐத் தாண்டிவிட்டது. 4,000 டாலர் கட்டணம் என்றால் அன்று 2,72,000 ரூபாய்; பிறகு 3,32,000. கல்லூரி ஒரு டாலர்கூட ஏற்றாமலே ஆண்டுக்கு அறுபதாயிரம் கூடியிருக்கிறது. கரும்புப் பணத்தை நம்பியிருக்கும் வீட்டுக்கு இது சின்னத் தொகை அல்ல.

பணத்தைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. அதை யாரும் கேட்பதே இல்லை. வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும் என்கிறார்கள். பல இடங்களில் அது உண்மையும்கூட. ஆனால் மருத்துவம் வகுப்பறையோடு முடிவதில்லை. மூன்றாம் ஆண்டிலிருந்து வார்டுக்குப் போக வேண்டும். ரஷ்யாவின் கசானிலோ கிர்கிஸ்தானின் பிஷ்கெக்கிலோ கட்டிலில் படுத்திருக்கும் பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. வலி எப்போது வந்தது, கைக்குப் பரவுகிறதா, வியர்த்ததா, இதற்கு முன் வந்ததுண்டா என்று கேட்டு, சொல்லும் பதிலிலிருந்து நோயைப் பிடிப்பதுதான் இந்தப் படிப்பின் உயிர். சிறுவங்கூரில் படிக்கும் மாணவியிடம் ஒரு அம்மா, “நெஞ்சு கரிக்குது, கிறுகிறுன்னு வருது” என்று சொன்னால் போதும். அடுத்த கேள்வி தானாக வரும். அங்கே ரஷ்ய மொழியைக் கருத்தாகப் படிக்காத நம் பையன், பேராசிரியர் பேசுவதையும் நோயாளி முனகுவதையும் பார்த்துக்கொண்டு ஓரமாக நிற்பான். ஆறு ஆண்டு படித்தும் நோயாளியைத் தொட்டுப் பழகாமல் திரும்புகிறவர்கள் உண்டு. முதலாண்டிலிருந்தே மொழியைப் பிடித்துக்கொண்டவர்கள் தேறிவிடுகிறார்கள்.

அங்குள்ள வாழ்க்கையைப் பற்றி நல்லதும் சொல்ல வேண்டும். நாலு மணிக்கே இருட்டும் குளிர்காலத்தில், விடுதி அடுப்பில் ரசம் வைத்துக் குடித்து, வங்கி, விசா அலுவலகம் என்று தனியாக அலைந்து பழகும் பிள்ளைக்கு வரும் துணிச்சல் இங்கே எளிதில் வராது. குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு. கூடவே ஆபத்தும் உண்டு: 2024 மே மாதம் பிஷ்கெக்கில் வெளிநாட்டு மாணவர் விடுதிகளைக் கும்பல் தாக்கியபோது இங்கே எத்தனையோ வீடுகளில் இரவெல்லாம் போன் ஓயவில்லை.

திரும்பி வருவோருக்கு 2002 முதல் தகுதித் தேர்வு நடக்கிறது. 300 மதிப்பெண்ணுக்கு 150 எடுத்தால் தேர்ச்சி. 2023 ஜூனில் எழுதியவர்களில் பத்தில் ஒருவர்தான் தேறினார். அடுத்த ஆண்டு ஜூனில் ஐந்தில் ஒருவர். மற்றவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லிவிட முடியுமா? நீட்டில் 2023இல் பொதுப் பிரிவுக்கு 137, பிற்படுத்தப்பட்ட, பட்டியல் பிரிவினருக்கு 107 எடுத்தாலே வெளிநாடு போகத் தகுதி. 720க்கு அந்த மதிப்பெண் எடுத்த பிள்ளைக்கு இன்னும் அதிகக் கவனிப்புள்ள கல்லூரி தேவை. நாம் அவனை அனுப்புவதோ கவனிப்பு குறைவான இடத்துக்கு.

விதிகளும் இறுகிவிட்டன. 2021 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட விதிமுறைப்படி படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும், ஆங்கிலத்தில் நடக்க வேண்டும், அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சி முடிக்க வேண்டும், அந்த நாட்டில் வைத்தியம் பார்க்கும் உரிமமும் கிடைக்க வேண்டும். இங்கே வந்து மேலும் ஓராண்டுப் பயிற்சி. பிலிப்பைன்ஸில் எம்.டி. படிப்பு 48 மாதம்; அதற்கு முந்தைய பி.எஸ். படிப்பை ஆணையம் கணக்கில் எடுக்கவில்லை. அந்தச் சிக்கலில் மாட்டியவர்கள் விதியைப் பார்த்துச் சேரவில்லை; ஏஜென்ட் சொன்னதைக் கேட்டுச் சேர்ந்தவர்கள்.

உக்ரைன் இதைவிடக் கசப்பான பாடம். 2022 பிப்ரவரியில் போர் மூண்டு, தமிழ்நாட்டு மாணவர்கள் மட்டுமே ஏறத்தாழ 1,900 பேர் மீட்கப்பட்டுத் திரும்பினார்கள். அவர்கள் படிப்பு என்ன ஆவது என்பதற்கு உடனே பதில் இல்லை. இறுதியாண்டுக்காரர்களுக்கு வழி பிறக்கவே அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

இன்னொரு குறை கண்ணுக்குத் தெரியாதது. வங்கியில் ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றால் ஈடு கேட்பார்கள். சமவெளியில் பட்டா உள்ளவன் வைப்பான். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்துப் பழங்குடிப் பிள்ளை எதை வைப்பான்? அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டமும், பழங்குடியினருக்கு ஆண்டுக்கு 20 பேரைத் தேர்ந்தெடுக்கும் தேசிய அயலகக் கல்வி உதவித்தொகையும் உண்மையிலேயே நல்லவை. அவை முதுகலைக்கும் ஆராய்ச்சிக்கும் உரியவை, எம்.பி.பி.எஸ்.க்கு அல்ல. ஆனாலும் மலையில் பட்டப்படிப்பு படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தத் திட்டங்களின் பெயராவது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஏஜென்டின் பேனர் போய்ச் சேர்ந்த அளவுக்கு அரசாணை போய்ச் சேரவில்லை.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவருக்கு 1983 குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு கட்டாயம். படிப்புக்கு அனுப்புகிறவர் அந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. பஞ்சாப் 2012இலேயே வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்டுகளுக்கென்று சட்டம் போட்டது. நம் மாநிலமும் கல்வி ஏஜென்டுகளைப் பதிவுக்குள் கொண்டுவர வேண்டும். அதுவரை மாவட்ட நிர்வாகமே செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. ‘கல்லூரிக் கனவு’ வழிகாட்டி நிகழ்ச்சிகளில் வெளிநாட்டுப் படிப்புக்கும் ஒரு மேசை போடலாம். வெளிநாட்டில் படித்துத் தேறி நம் மாவட்டத்தில் பணிபுரியும் மருத்துவர் ஒருவரை அங்கே உட்கார வைக்கலாம். பெற்றோருக்கு என் வேண்டுகோள்: முன்பணம் கட்டுமுன் அந்தக் கல்லூரியில் படித்துத் தகுதித் தேர்வில் தேறியவர்கள் இரண்டு பேரின் போன் எண்ணைக் கேளுங்கள். வார்டில் எந்த மொழியில் பேசினார்கள் என்று அவர்களிடமே விசாரியுங்கள். எண் தர மறுக்கும் ஏஜென்டிடம் பணம் கட்டாதீர்கள்.