எதிரணி அரங்கில் ஒரு மூலை

போர்டிக்சன்காரர்களுக்குச் சிரம்பான் பரோயில் உள்ள துவாங்கு அப்துல் ரஹ்மான் அரங்கம்தான் சொந்த வீடு. ஆனால் பந்து பார்க்கிற ருசி அண்டை மாநிலத்தில்தான் கூடுகிறது. லிங்கி, லுபுக் சீனா, மஸ்ஜித் தானா என்று பழைய சாலையிலேயே போனால் மலாக்கா; குருபோங்கில் ஹங் ஜெபாட் அரங்கம். எல்லை தாண்டியதும் வண்டிக்குள் பேச்சு குறையும். எங்கள் மாநில அணியின் மஞ்சள் மாஃப்லாவை மெல்ல மடியில் சுருட்டிக்கொள்ளும் பெரியவர்களும் உண்டு.

ஏறத்தாழ 40,000 பேர் அமரக்கூடிய இடத்தில் விருந்தாளிகளுக்கு ஒரு மூலை, பக்கத்தில் போலீஸ். அங்கே யாரோ கொட்டடிக்க, "ஹோபின் ஜாங் ஹோபின்" என்ற எங்கள் முழக்கம் கிளம்பும். தோட்டத்துப் பையனும் கம்பத்து மலாய்க்காரரும் ஒரே தொண்டையில் கத்துவார்கள். நம் ஆள் கோல் போட்டால் சுற்றிலும் அமைதி, எங்கள் மூலையில் மட்டும் கூத்து! பரோயில் ஐந்து கோல் போட்டாலும் இந்தச் சுகம் வராது.

2009 மலேசியக் கிண்ண இறுதியாட்டம் புக்கிட் ஜாலிலில். பொது அரங்கம்தான், ஆனாலும் கிளந்தான் சிவப்பு கண்ணை அடைத்தது. 3-1 என்று வென்றோம், 1948க்குப் பிறகு முதல் தடவையாக. அந்த அணியில் இருந்த எஸ். குணாளனைப் பற்றிப் பேச்செடுத்தால் தே தாரேக் ஆறிப்போகும்.

ஆட்டம் முடிந்தால் உள்ளூர்க் கூட்டம் கலையும்வரை எங்களை உள்ளேயே நிறுத்திவைப்பதும் உண்டு. தோற்ற நாளில் அது கொடுமைதான். கச்சாங் பூத்தே பொட்டலம் கைமாறும். கடலையை மென்றபடியே நடுவரின் பரம்பரையை விசாரிப்போம்.