சதுக்கப் பூதமும் எழுநாள் தவணையும்

காவிரிப்பூம்பட்டினத்துச் சதுக்கப் பூதத்தை அறியாதார் தமிழ் கற்றோருள் இலர். தவவேடத்தில் மறைந்து தீங்கு செய்வோர், பிறர்மனை நயப்போர், பொய்ச்சான்று கூறுவோர், புறங்கூறுவோர் முதலியோரைப் பாசத்தாற் கட்டிப் புடைத்துண்பது அதன் தொழில். இளங்கோவடிகள் இந்திரவிழாவைப் பாடுமிடத்து இத்தெய்வத்தை நமக்கு அறிமுகஞ் செய்கின்றார். பண்டைத் தமிழரின் தாழ்வில்லா நீதிக்கு இதனை எடுத்துக்காட்டாகக் கூறிப் பாராட்டிச் செல்வதே நம் மேடைகளிலும் கட்டுரைகளிலும் வழக்கமாகி விட்டது. ஆயின் அதே பூதம் மணிமேகலைக் காப்பியத்துள் வாய்திறந்து பேசும் ஓரிடம் உண்டு. அவ்விடத்தை நின்று நோக்கியோர் சிலரே.

மருதி என்னும் பார்ப்பனி காவிரியில் நீராடித் தனியே மீள்கின்றாள். அந்நகரைக் காத்திருந்த ககந்தன் என்பானின் மகன் அவளைக் கண்டு தகாத முறையில் அழைக்கின்றான். பிறன் ஒருவன் நெஞ்சிலே தான் புகுந்தமை தன் கற்பின் குறையோ என்று கலங்கிய மருதி, பூத சதுக்கத்தை அடைந்து அழுகின்றாள். குற்றம் நடந்தது வெளிப்படை. குற்றவாளி யார் என்பதிலும் ஐயமில்லை. ஒறுக்க வேண்டிய தெய்வமோ முன்னாலேயே நிற்கின்றது. அப்பூதம் உடனே பாசத்தை வீசியிருக்கும் என்று எதிர்பார்ப்போம். அது வீசவில்லை. அரசன் முறைசெய்வதற்கு ஏழு நாள் தவணை உண்டு, அதனுள் அவன் வழுவினாலன்றித் தனக்கு உரிமை இல்லை, ககந்தன் செய்தியைக் கேட்டுத் தானே மகனை வாளால் ஒறுத்தலுங் கூடும் என்று விடை கூறி அமைகின்றது. அவ்வாறே குறித்த நாளுக்குள் தந்தையின் வாளால் மகன் மடிந்தான்.

சாத்தனார் இத்தவணையை ஏன் வைத்தார்? பூதத்திற்குச் சாட்சி வேண்டியதில்லை. நெஞ்சறியும் தெய்வம் அது. மனிதர் இழைக்கக்கூடிய தவறு எதுவும் அதனிடம் நிகழ வழியில்லை. அவ்வாறிருந்தும் அது அரசனுக்குப் பின் நிற்கின்றது. அரசனை வினவலாம், பூதத்தை வினவ முடியாது என்பதே காரணமென யான் கருதுகின்றேன். பாண்டியன் தவறினான், அவன் தவறினான் என்பதை ஒரு பெண் அவன் அவையிலேயே நின்று சிலம்பை உடைத்து மெய்ப்பிக்க முடிந்தது. பூதம் தவறியிருப்பின் அவள் எந்த வாயிலில் நின்று முறையிட்டிருப்பாள்?

இதனை ஈண்டு எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் நம் நகரிலேயே நடந்த ஒரு நிகழ்ச்சி. 2020ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 20ஆந் தேதி அதிகாலையில், கொழும்பு மாளிகாவத்தையிலுள்ள தொடர்மாடி வீட்டுத் தொகுதி ஒன்றில் மாகந்துரே மதுஷ் என்று நாடறிந்த ஒருவர் சுடப்பட்டு இறந்தார். போதைப்பொருட் கடத்தல், கொலை முதலிய பல குற்றங்கள் அவர்மீது சாட்டப்பட்டிருந்தன. 2019 பெப்ரவரியில் துபாயில் அவர் கைதானார். அவ்வாண்டு மே மாதம் இலங்கைக்கு அனுப்பப்பட்டார். அன்று தொட்டு அரசின் காவலில் இருந்தார். மறைத்து வைத்த ஹெரோயினைக் காட்டுதற்காக அவரை அங்கு அழைத்துச் சென்றதாகவும், அடையாளந் தெரியாதோர் சுட்டமையால் மூண்ட துப்பாக்கிச் சமரிடையே அவர் அகப்பட்டதாகவும் பொலிசார் கூறினர். 2021 மே மாதத்தில் இதே போன்று பொலிஸ் காவலில் இருந்த இருவர் அடுத்தடுத்த நாட்களில் சுட்டுக் கொல்லப்பட்டபோது சட்டத்தரணிகள் சங்கம் வெளிப்படையாகக் கண்டித்தது. ஊராரிற் பலர் கண்டிக்கவில்லை. 'பீடை ஒழிந்தது' என்றனர். அம்மகிழ்ச்சியை மறைத்துப் பேசுவதிற் பயனில்லை. மீண்டும் மீண்டும் கொலைத்தொழில் செய்வோன் என்று பெயரெடுத்த ஒருவன் வெளியே நடமாடினால், அத்தெருவிலே பிள்ளைகளை வைத்துக்கொண்டு வாழ்வோர்க்கு அச்சம் வேறு வகையில் நீங்குவதில்லை.

இதற்கு மறுமொழியாகக் கோவலன் கதையைக் காட்டுவது எளிது. அரசி ஊடியிருக்க, அவளைத் தணிவிக்க விரையும் அரசன் வழியிலே ஒரு பொற்கொல்லன் சொல்லைக் கேட்டு, சிலம்பு அவன் கையிலிருப்பின் கொன்று கொணர்க என ஆணையிடுகின்றான். காவலர் கோவலனைக் கண்டு, இவன் கள்வன் போலத் தோன்றவில்லையே என்று தயங்குகின்றனர். கொல்லனோ கள்வர்க்குத் துணையாவன எட்டு என்று ஒரு நூலே விரித்து அவர் வாயை அடைக்கின்றான். முடிவில் குடிமயக்கில் இருந்த ஒருவன் வாளை வீசி விடுகின்றான். சான்றுப்பொருளாகிய சிலம்பினுள்ளே இருப்பது முத்தோ மாணிக்கமோ என்ற ஆராய்ச்சி, கொலைக்குப் பின்னரே அவையில் நடக்கின்றது. உண்மையில் அரசியின் சிலம்பைத் திருடியவன் கொல்லனே என்பதைக் கற்றோர்க்கு நினைவூட்ட வேண்டியதில்லை; விசாரணை நடந்திருப்பின் வெளிப்பட்டிருக்க வேண்டியவன் அவனே.

எனினும் இவ்வெடுத்துக்காட்டு முழுதும் பொருந்தாது. கோவலன் குற்றமற்றவன். உயர்தர வகுப்பில் யான் இதனை விளக்கியபோது மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், கோவலன் நல்லவன், அதனால் அவனைக் கொன்றது பிழை. உண்மையிலேயே கெட்டவனைக் கொன்றால் என்ன பிழை?" என்று கேட்டான். நியாயமான வினா. சிலப்பதிகாரத்தில் அதற்கு விடை இல்லை, மணிமேகலையில் உண்டு.

உதயகுமரன் சோழ வேந்தன் மகன். இக்காலத்தார் 'பழக்கப்பட்ட குற்றவாளி' என்று வகுக்கும் இனத்திற்கு நம் காப்பியங்களுள் அவனிலும் பொருத்தமானவன் இல்லை. உவவனத்திற்கு மணிமேகலையைத் தொடர்ந்து வருகின்றான், அம்பலத்திற்கு வருகின்றான், மீண்டும் நள்ளிரவில் வருகின்றான். ஒவ்வொரு முறையும் அவனுக்குக் கிடைப்பது அறிவுரையே. சுதமதி கூறுகின்றாள், மணிமேகலா தெய்வம் கூறுகின்றது, நரைத்து மூத்த ஒருத்தியைச் சுட்டிக்காட்டி மணிமேகலையும் நிலையாமையை உரைக்கின்றாள். இத்தனை பேருள் ஒருவரும் அரசனிடம் சென்று, உன் மகன் செய்வது இது என்று உரைத்தாரில்லை. மறுபுறம் சித்திராபதி அவனை நாடிச்சென்று தூண்டி விடுகின்றாள். அஞ்சுவார் அறிவுரையோடு நிற்க, ஆதாயங் கருதுவார் பின்னின்று ஏவ, அரசமகன் என்ற காப்பும் உடன்சேர்ந்தால் ஒருவன் குற்றத்திலே பழகிப் போகாமல் எப்படி இருப்பான்? சாத்தனார் உளநூல் கற்றவரல்லர். ஆயினும் ஒரு தீயோன் உருவாகும் முறையை அவர் அளவுக்குத் தெளிவாக வகுத்துக் காட்டிய புலவர் நம்மிடையே அரியர்.

முடிவில் காஞ்சனன் என்னும் விஞ்சையன், தன் மனைவி காயசண்டிகையின் வடிவில் இருந்த மணிமேகலையை அவளென்றே எண்ணி, நள்ளிரவில் வந்த உதயகுமரனை வாளால் வெட்டி வீழ்த்துகின்றான். செய்தி முனிவர் வாயிலாக அரசனுக்கு எட்டுகின்றது. மகனை இழந்த அத்தந்தை, மகன் தண்டனைக்கு உரியவன் என்பதை மறுக்கவில்லை. யான் செய்ய வேண்டியதை விஞ்சையன் தானே செய்தான், ஆதலால் அவன் தகுதியற்றவன் என்கின்றான். மாணவன் கேட்ட வினாவிற்கு இதுவே விடை. கொல்லப்பட்டவன் கெட்டவனே, அவன் கெட்டவன் என்பதாற் கொன்றவன் கை தூய்மையாகி விடவில்லை. ககந்தன் கதையை அம்முனிவர் அரசனுக்குச் சொல்லும் இடமும் இக்காதையே என்பதை நோக்குக. எழுநாள் காத்த பூதத்தையும், ஒரு கணமுங் காவாத விஞ்சையனையும் ஒரே காதையில் அருகருகே நிறுத்தியது தற்செயலன்று.

இவ்வளவோடு நிறுத்தினால் பொலிசாரைக் குறைகூறுவதோடு கட்டுரை முடிந்துவிடும். பூதத்தின் கூற்றில் இன்னொரு பாதி உண்டு. நம் நீதிமன்றங்கள் கருத்தூன்ற வேண்டியது அப்பாதியையே. ஏழு நாள் கழிந்தும் அரசன் முறைசெய்யானாயின் அடுத்தது பூதத்தின் முறை. தவணைக்கு ஓர் எல்லை இருந்தமையாற்றான் பூதத்தாற் பொறுத்திருக்க முடிந்தது. இலங்கையில் பாரதூரமான குற்ற வழக்கொன்று, குற்றம் நிகழ்ந்த நாளிலிருந்து மேன்முறையீடு தீரும்வரை சராசரியாக ஏறத்தாழ 17 ஆண்டுகளை விழுங்குவதாகப் பாராளுமன்றத்தின் துறைசார் மேற்பார்வைக் குழுவொன்று 2017இல் அறிக்கையிட்டது. சம்பவத்தன்று பிறந்த பிள்ளை உயர்தரத்திற்கு வந்துவிடும். அதற்குள் சாட்சிகள் மறப்பர், அஞ்சுவர், இறப்பர். குற்றஞ் சாட்டப்பட்டவன் விளக்கமறியலில் இருப்பானாயின் தொழில் தேர்ந்தோரிடம் பாடங் கேட்பான்; பிணையில் இருப்பானாயின் பழைய தொழிலையே தொடர்வான். ஏழு நாளைப் பதினேழு ஆண்டாக நீட்டிய நாட்டில் தெருவுக்கொரு பூதம் எழுந்தால் வியப்பென்ன?

விரைந்து முறைசெய்தல் இயலாது என்பாரும் உளர். இயலும். கொழும்பு மேல் நீதிமன்ற நீதிபதி சரத் அம்பேபிட்டிய 2004 நவம்பர் 19ஆந் தேதி தம் வீட்டு வாயிலில் மெய்க்காவலரோடு சுட்டுக் கொல்லப்பட்டார். மூன்று நீதிபதிகள் கொண்ட மன்று அவ்வழக்கை விசாரித்து 2005 ஜூலை மாதத் தொடக்கத்தில் ஐவரைக் குற்றவாளிகளெனத் தீர்ப்பளித்தது. எட்டு மாதமும் ஆகவில்லை. யாழ்ப்பாணத்து மிருசுவிலில் 2000ஆம் ஆண்டு டிசம்பரில் குழந்தைகள் உட்பட எட்டுத் தமிழர் கொலையுண்டு புதைக்கப்பட்ட வழக்கையும் மூன்று நீதிபதிகள் கொண்ட மன்றே விசாரித்தது. படைச்சிப்பாய் ஒருவருக்கு மரணதண்டனை விதித்து அங்கே தீர்ப்பு வந்தது 2015 ஜூனில். 2019இல் உயர் நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. 2020 மார்ச்சில், நாடு நோய்க்கு அஞ்சி அடைபட்டுக் கிடந்த நாட்களில், சனாதிபதியின் மன்னிப்பினால் அவர் வெளியே வந்தார். ஒரே நாடு, ஒரே வகை மன்று; ஒன்றுக்கு எட்டு மாதம், மற்றொன்றுக்குப் பதினான்கு ஆண்டுக்கு மேல். காலத்தை நீட்டுவதும் குறுக்குவதும் சட்டநூலல்ல, அதனைக் கையிற் பிடித்தோரின் விருப்பமே என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

தூக்குமேடையை மீண்டும் நிறுத்தினால் எல்லாஞ் சீராகும் என்பது சிலர் கட்சி. 1976க்குப் பின் இந்நாட்டில் தூக்குத்தண்டனை நிறைவேற்றப்படவில்லை. 2019இல் நால்வருக்கு ஆணை ஒப்பமிடப்பட்டும் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. தீர்ப்பே வந்து சேராத நாட்டில் தீர்ப்பின் கடுமையைப் பற்றி வாதிடுவது எனக்குப் பொருளற்றதாகவே படுகின்றது.

மாளிகாவத்தையிலிருந்து புதுக்கடை நீதிமன்றங்கள் நடைதூரமே. 2025 பெப்ரவரி 19ஆந் தேதி அங்கே, பல குற்றங்கள் சாட்டப்பட்டுப் பூசா சிறையிலிருந்து அழைத்துவரப்பட்ட கணேமுல்ல சஞ்சீவ என்பவரைச் சட்டத்தரணி வேடத்தில் வந்த ஒருவர் நீதவானின் மன்றுக்குள்ளேயே சுட்டுக் கொன்றார். துப்பாக்கி உள்ளே வந்தது நடுவிற் குடைந்தெடுத்த ஒரு சட்டநூலுக்குள். தவவேடத்தில் மறைந்து தீங்கு செய்வோரைப் பூதம் முதலிலே எண்ணியதன் காரணம் அன்று விளங்கிற்று. மாளிகாவத்தையிற் பூதத்தை வாழ்த்தியோர், நான்கு ஆண்டு கழித்து அது மன்றினுள்ளும் புகுந்ததைக் கண்டு திகைத்தனர். இரு கொலையாலும் அடைபட்டது ஒன்றே: அவ்விருவரும் வாய்திறந்திருப்பின் யார் யார் பெயர் வெளிவந்திருக்கும் என்ற வழி.

மீண்டும் காப்பியத்திற்கு வருவோம். சோழ வேந்தனை நீதிமானாக மட்டும் கொண்டால் சாத்தனாரை நாம் முழுதுங் கற்றோராகோம். மகனையே முறைசெய்த மரபில் இப்படியொருவன் தோன்றினான் என்பது பிற வேந்தர் செவிக்கு எட்டுமுன் இவனை ஈமத்தில் ஏற்றுக என்பதே அவன் ஆணையின் முற்பகுதி. (கன்றுக்காக மகனைக் கொன்ற அக்கதையை மகாவமிசம் எல்லாளன்மேல் ஏற்றிக் கூறும், எவரும் வந்து அடிக்கத்தக்க மணியொன்று அவனிடம் இருந்ததாகவுங் கூறும். பூம்புகாரில் அம்மணியை அடிப்பார் இல்லாது போயினர்.) ஆணையின் பிற்பகுதி இன்னும் கொடிது: கணிகை மகளைக் காவலில் வைக்க என்கின்றான். துன்புறுத்தப்பட்டவளுக்குச் சிறை! அவள் வேண்டுகோளுக்கிணங்கிச் சில நாள் முன்னரே அவ்வரசன் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றியிருந்தான் என்பதை நினைத்தால் சாத்தனாரின் கசப்பு நாவில் உறைக்கும். நம் நாட்டில் பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் காப்பதற்கென 2015இல் ஒரு சட்டமும், அதற்கு மாற்றாக 2023இல் மற்றொன்றும் நிறைவேறின. ஏட்டில் அறக்கோட்டம் எழுந்துவிட்டது. சாட்சி சொல்லப் புதுக்கடைப் படியேறும் ஒரு மாளிகாவத்தைத் தாயை, வீடு திரும்பும் வழியில் யார் காக்கின்றார் என்று கேட்டால் அவ்வேடு விடை தருவதில்லை.

சித்திராபதியோ சில நாளிற் கோயிலுக்குள் தானே நடந்துசென்று, மணிமேகலையைத் தன்னொடு அனுப்புமாறு அரசமாதேவியை வேண்டுகின்றாள். மாதேவி அவள் குலத்தொழிலை இகழ்ந்து மறுத்துவிடுகின்றாள். இளவரசனை அம்பலத்திற்கு ஏவியமைக்காக அரசன் அவள்மீது முறை செலுத்தினான் என்ற செய்தி முப்பது காதையுள் ஒன்றிலும் இல்லை.