ரெண்டாம் நம்பர் சிக்கிருச்சு!

ஒரே ஒரு பிளக்கைக் கழட்டி, அந்த ஓட்டையில ஒரு சென்சாரை முறுக்கி, ஒயரை லேப்டாப்புல சொருகினா, உள்ளே எந்த வால்வ் ஒழுங்கா மூடலைன்னு ஒரு பச்சைக் கோடு சொல்லிரும்னா நம்புவீங்களா? நான் பார்த்தேன்! ஷார்ஜா சனாயியாவுல, அதான் அந்த ஒர்க்ஷாப் ஏரியாவுல, தகரக் கூரைக்குக் கீழே, வேர்வை கண்ணுல இறங்க இறங்க, இமைக்காம பார்த்தேன். பார்த்ததுல இருந்து யாரு கிடைச்சாலும் இதைத்தான் சொல்லிட்டிருக்கேன், ரூம்ல இருக்கிறவங்க பாதி பேருக்கு இப்ப மனப்பாடம்.

வண்டி எங்க கம்பெனி பிக்கப். நாலு சிலிண்டர், 2.7 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், பின்னாடி எப்பவும் ஏசி யூனிட்டும் காப்பர் பைப்பும் கேஸ் சிலிண்டருமா லோடு. சும்மா நிக்கும்போது ஒரு குறை சொல்ல முடியாது. லோடோட மேடு ஏறும்போது 2,500 ஆர்பிஎம்-ஐத் தாண்டி மிதிச்சீங்கன்னா மட்டும், தடதடன்னு ஒரு உலுக்கல், இழுவை அப்படியே செத்துரும். நாலு பேரு சாமி பல்லக்கு தூக்கிட்டு ஓடும்போது ஒருத்தருக்கு மட்டும் கால் இடறினா எப்படி இருக்கும்? அதே ஆட்டம்! கூடவே இன்ஜின் லைட் மினுக்க ஆரம்பிக்கும். நின்னு எரியறது வேற, மினுக்கறது வேற. எரியாத பெட்ரோல் எக்ஸாஸ்ட்டுக்குள்ள போய், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடேத்தி உருக்கிரப் போகுது, காலை எடுங்கற எச்சரிக்கை அது. இன்னொரு ஒர்க்‌ஷாப்புல புது பிளக், புது காயில், இன்ஜெக்டர் கிளீனிங் எல்லாம் முடிச்சாச்சு. எங்க முதலாளி அர்பாப் காசு கொடுத்துக்கிட்டே இருந்தார், மிஸ்ஸிங், அதான் அந்த உலுக்கல், இருந்த இடத்துலயே இருந்துச்சு.

அப்புறம்தான் ராமநாதபுரத்து அண்ணன் ஒருத்தர்கிட்ட வண்டி போச்சு. அவர் ஸ்பேனரையே தொடலை! முதல்ல ஸ்கேனரை மாட்டினார். வந்த எரர் நம்பர் பி0302. கடைசி எண்தான் சிலிண்டர் நம்பர், ஆக ரெண்டாவது. "கம்ப்யூட்டருக்கு இது எப்படிண்ணே தெரியுது?"ன்னு கேட்டேன், கேட்டது எவ்வளவு நல்லதாப் போச்சு! கிராங்க்ல 36 பல்லுக்கு இடம் வெச்சு ரெண்டு பல்லை விட்ட ஒரு சக்கரம் இருக்கு. ஒவ்வொரு பல்லும் சென்சாரைக் கடக்குற நேரத்தைக் கம்ப்யூட்டர் அளந்துக்கிட்டே இருக்குமாம். நாலு சிலிண்டர் இன்ஜின்ல ஒவ்வொரு 180 டிகிரிக்கும் ஒரு சிலிண்டர் வெடிச்சுக் கிராங்கைத் தள்ளணும். ஒண்ணு வெடிக்கலைன்னா அந்தத் துண்டுல மட்டும் கிராங்க் ஒரு நூலிழை தயங்கும், அந்தத் தயக்கத்தைக் கம்ப்யூட்டர் எண்ணி வெச்சிரும். 3,000 ஆர்பிஎம்-ல ஒரு செகண்டுக்கு நூறு வெடி. நினைச்சுப் பாருங்க, அந்த நூறுல ஒண்ணு தவறினதை ஒரு பல்லுச் சக்கரம் காட்டிக் கொடுக்குது!

ரெண்டாம் நம்பர் காயிலை மூணுக்கு மாத்தினார். குறை காயில்ல இருந்தா மிஸ்ஸிங்கும் மூணுக்குப் போகணும். போகலை. பிளக்கை மாத்தினார், இன்ஜெக்டரை மாத்தினார், ரெண்டு அசையவே இல்லை. கம்ப்ரஷன் கேஜ் வெச்சுப் பார்த்தா நாலும் 175 பிஎஸ்ஐ கிட்ட, வித்தியாசமே இல்லை. பலரும் கையை விரிக்கிற இடம் இதுதான். அண்ணன் சிரிச்சார். "தம்பி, ஸ்டார்ட்டர் சுத்தும்போது இன்ஜின் 250 ஆர்பிஎம்தான். அந்த வேகத்துல சொங்கி வால்வ் கூட மூடிரும். ஓடும்போது என்ன பண்ணுதுன்னு பார்ப்போம்"னார். எனக்கு அப்பவே உடம்பு பரபரத்துச்சு.

இப்பத்தான் கவனமாக் கேக்கணும் நீங்க! ரெண்டாம் நம்பர் பிளக் இருந்த இடத்துல பிரஷர் சென்சார். அந்தச் சிலிண்டருக்குப் பெட்ரோல் போகாம இன்ஜெக்டர் ஒயரைப் பிடுங்கியாச்சு, காயிலை ஒரு டெஸ்டர்ல மாட்டி எர்த் பண்ணியாச்சு. இன்டேக் மேனிஃபோல்டு ஹோஸ்ல இன்னொரு சென்சார். மத்த மூணு சிலிண்டரோட இன்ஜினை ஸ்டார்ட் பண்றார், திரையில கோடு ஓட ஆரம்பிக்குது, என்ன கோடுங்க அது! பிஸ்டன் மேலே ஏறும்போது கோடும் ஏறுது, உச்சி தொட்டு இறங்குது, எக்ஸாஸ்ட் வால்வ் திறக்கிற இடத்துல ஒரு மடிப்பு, அப்புறம் சமதரை, அப்புறம் இன்டேக்குக்கு ஒரு பள்ளம், மறுபடி ஏத்தம். புத்தகத்துல படமாப் பார்த்த நாலு ஸ்ட்ரோக்கும் என் கண்ணு முன்னாடி மூச்சு விடுது! ஐடிலிங்ல எல்லாம் சுத்தம். "இப்ப ரேஸ் பண்ணு"ன்னார். நான் மிதிச்சேன், உச்சிகள் உசந்துச்சு, இன்னும் உசந்துச்சு, முள்ளு 2,500-ஐத் தாண்டினதுதான் தாமதம், உச்சிகள் பொசுக்குன்னு குட்டையாயிருச்சு, அதே நொடியில இன்டேக் பக்கத்துக் கோட்டுல இருக்கக் கூடாத ஒரு சின்ன மேடு, ஒவ்வொரு தடவையும் அதே இடத்துல, துடிச்சுத் துடிச்சு எழும்புது! பிஸ்டன் அமுக்க ஆரம்பிச்ச பிறகும் இன்டேக் வால்வ் மூடாம மிதக்குது, உள்ளே போன காத்து வந்த வழியிலயே திரும்ப ஓடுது, எக்ஸாஸ்ட் வால்வ் இல்லை, பிஸ்டன் ரிங் இல்லை, ஹெட் கேஸ்கெட் இல்லை, ரெண்டாம் நம்பர் இன்டேக் வால்வ், அதுதான், அதேதான்! நான் கத்தியே விட்டேன். பக்கத்து வண்டியில வேலை பார்த்த பெஷாவர்க்காரர் என்னவோ ஏதோன்னு ஓடி வந்தார், அவர் தோளைப் பிடிச்சு இழுத்துத் திரையைக் காட்டினேன், அவருக்கு என் தமிழ் புரியலை, ஆனா அந்தக் குட்டை உச்சி புரிஞ்சிருச்சு, "ஸ்பிரிங்!"னார். கையை நீட்டிக் குலுக்கினோம், ரெண்டு பேர் கையிலயும் கிரீஸ்.

டேப்பட் கவரைத் திறந்தா, ஆமாங்க, அந்த வால்வோட ஸ்பிரிங் ரெண்டு துண்டு! உடைஞ்ச ரெண்டு பாதியும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு திருகிக்கிட்டு உக்காந்திருந்துச்சு. அதனாலதான் மெதுவாச் சுத்தும்போது வால்வை மூடுற அளவுக்குத் தெம்பு இருந்திருக்கு. வேகம் கூடினா முடியலை. டார்ச் அடிச்சுப் பார்த்தப்போ அந்த முறிஞ்ச முனை மினுங்கினது இருக்கே, அதை எத்தனை போட்டோ எடுத்தேன்னு கேக்காதீங்க.

மாத்தின விதம் இன்னொரு அழகு. ஹெட்டைக் கழட்டவே இல்லை. கேம் ஷாஃப்டை மட்டும் எடுத்தார், டைமிங் செயின் நழுவாமக் கட்டி வெச்சார். பிளக் ஓட்டை வழியா சுத்தமான நைலான் கயித்தை சிலிண்டருக்குள்ள சுருட்டிச் சுருட்டி விட்டார், கிராங்கைக் கையால மெல்லத் திருப்பினார். பிஸ்டன் கயித்தை மேலே அமுக்க, கயிறு வால்வை அடியில இருந்து தாங்கிப் பிடிச்சுக்கிச்சு. வால்வ் உள்ளே விழ வழியே இல்லை! ஸ்பிரிங்கை அமுக்கினதும் அந்தச் சின்னப் பூட்டுத் துண்டு ரெண்டையும் காந்தக் குச்சியால எடுத்தார், புது ஸ்பிரிங் ஏறிருச்சு. இப்படிச் சோதிக்க நேரம் பிடிக்கும், சாமானும் விலை கூடத்தான். மாத்திக்கிட்டே இருந்த பாகங்களோட பில்லைப் பக்கத்துல வெச்சுப் பார்த்தா அதெல்லாம் ஒரு பேச்சா?

அப்புறம் ஓட்டம்! பின்னாடி முழு லோடு ஏத்தி, கல்பா ரோட்டுல ஹஜர் மலைப் பக்கமா ஏத்தத்துல விட்டோம். அண்ணன் மடியில ஸ்கேனர், ரெண்டாம் நம்பர் மிஸ்ஃபயர் கவுன்ட் பூஜ்யம். மூணாவது கியர், 2,500, பூஜ்யம். 3,000, பூஜ்யம்! அந்த இழுவை, அந்தச் சத்தம், நாலு சிலிண்டரும் ஒரே சீரா உறுமுற அந்த உறுமல், ஜன்னலைத் திறந்து வெச்சு அனல் காத்துல கேட்டுக்கிட்டே வந்தேன். 3,500-ம் ஆச்சு. "போதுமாண்ணே?"ன்னு கேட்டா மனுஷன் ஸ்கேனர்ல இருந்து கண்ணை எடுக்கலை.

"ஜன்னலைச் சாத்திட்டு ஏசியை ஃபுல்லா வை தம்பி. இன்னும் கொஞ்சம் லோடு ஏறட்டும்."

வெச்சேன், மிதிச்சேன், அப்பவும் பூஜ்யம்தான்!