விழிப்புணர்வு யாருக்கு?

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் கீற்றுக்கொட்டகைக் காப்பகமொன்று எரிந்தது. சங்கிலியில் கட்டிப்போடப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் மாண்டார்கள். அரசு அங்கிருந்த காப்பகங்களை மூடியது. மூடநம்பிக்கை என்றார்கள் எல்லோரும், நானும்தான் சொன்னேன். அந்தச் சொல்தான் இன்றைக்கு 'விழிப்புணர்வு' என்று வேஷம் மாற்றி, அக்டோபர் 10 பேரணியில் பதாகை பிடித்து வருகிறது. அரசு அறிந்தது, ஜனங்கள் அறியாதவர்கள் என்பதே இச்சொல்லாடலின் ஏற்பாடு. கூலிக்குப் போகிற அம்மா மகனைக் கட்டிப்போட்டுவிட்டுப் போவது பார்த்துக்கொள்ள ஆளில்லாமல். அவளுக்கு எதைப் புரியவைக்கப் போகிறீர்கள்? அறியாதது யார்? மனநலச் சிகிச்சை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்க வேண்டுமென்று 1982இன் தேசியத் திட்டமே பேசிவிட்டது. 2017ஆம் ஆண்டுச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்தது, சிகிச்சையை உரிமையாக்கியது; லேசான காரியமில்லை, ஒத்துக்கொள்கிறேன். 2022இல் டெலி மானஸ் வந்தது. 14416ஐச் சுழற்றினால் ராத்திரியிலும் ஒரு குரல் கிடைக்கும். அவள் வேலைக்குப் போகிற பகலில் மகனோடு உட்கார அந்தக் குரலால் ஆகாது.

நாமென்ன யோக்கியம்? ஃபூக்கோவைப் படித்துவிட்டுப் பித்தைக் கலகமென்று கொண்டாடினோம். அந்தக் கட்டுரைகளில் நோயாளியின் அம்மா ஒருத்திகூட வந்ததாக எனக்கு ஞாபகமில்லை, நான் எழுதியதையும் சேர்த்து.