7.5 விழுக்காட்டுத் தீர்ப்பு: நிறையும் குறையும்

திருவண்ணாமலையில், ரமணாசிரமத்துக்கு முன்னால் செங்கம் சாலையில் காலை நேரத்தில் நின்று பாருங்கள். மலையைப் பார்க்க வந்தவர்களுக்கு நடுவே, அரசு கொடுத்த சைக்கிளை மிதித்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் போவார்கள். வெளியூர்க்காரர்களின் கண்ணில் அவர்கள் அவ்வளவாகப் படுவதில்லை. 1896 செப்டம்பர் 1 அன்று வீட்டை விட்டு இந்த ஊருக்கு வந்து சேர்ந்த, பின்னாளில் ரமணரான வேங்கடராமனுக்கும் அப்போது வயது 16தான். பதினாறு வயதுப் பையன் ஒருவனின் முடிவை நூறாண்டுக்கு மேலாக வணங்கிவரும் ஊர் இது. இன்றைய பதினாறு வயதுக்காரர்களின் வாழ்க்கையைத் தொட்ட ஒரு தீர்ப்பை எடைபோட இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

2022 ஏப்ரல் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு அது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து, நீட் தேர்வில் தேறியவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தரும் தமிழ்நாடு சட்டம் செல்லும் என்று தலைமை நீதிபதி முனீஸ்வர்நாத் பண்டாரியும் நீதிபதி டி. பரத சக்கரவர்த்தியும் கூறினார்கள்.

அந்தச் சட்டம் வந்த வழி சுலபமானதல்ல. 2017இல் நீட் தமிழ்நாட்டுக்கும் வந்தது. அரியலூர் மாவட்டத்து அனிதா, கூலித் தொழிலாளியின் மகள், பிளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்தவர், நீட்டை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய்த் தன் வழக்கைச் சொன்னார். தீர்ப்பு சாதகமாக வரவில்லை. அந்த ஆண்டு செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். 2019-20இல் மருத்துவப் படிப்பில் சேர்ந்த அரசுப் பள்ளி மாணவர்கள் 6 பேர் மட்டுமே என்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி சொன்னார். மாணவர்களில் நூற்றுக்கு 41 பேர் அரசுப் பள்ளிகளில் படிக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொன்னார். நீதிபதி பி. கலையரசன் குழு 10 விழுக்காடு கேட்டது, அமைச்சரவை 7.5 ஆக்கியது. 2020 செப்டம்பரில் சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றியும் ஆளுநரின் கையெழுத்து வரவில்லை. கலந்தாய்வு நெருங்கியது. அக்டோபர் 29 அன்று அரசியல் சாசனத்தின் 162ஆம் பிரிவைக் கொண்டு அரசு ஆணை போட்டது; மறுநாள் ஒப்புதல் வந்தது. அந்த ஆண்டு கிடைத்தவை எம்.பி.பி.எஸ். 313, பி.டி.எஸ். 92.

முதலில் நிறை.

இந்தத் தீர்ப்பின் பெருமையைப் புரிந்துகொள்ள 1951க்குப் போக வேண்டும். கல்லூரி இடங்களைச் சமூகவாரியாகப் பங்கிட்ட சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையை எதிர்த்துச் செண்பகம் துரைராஜன் தொடுத்த வழக்கும் மருத்துவக் கல்லூரி இடத்தைப் பற்றியதுதான்.  உச்ச நீதிமன்றமும் அந்த ஆணை செல்லாது என்றது. அதன் விளைவாக, அதே ஆண்டில் முதல் அரசியல் சாசனத் திருத்தம் வந்தது. 1951இன் நீதிமன்றம் விண்ணப்பதாரரைத் தனி ஆளாக நிறுத்தி, மதிப்பெண்ணை மட்டும் பார்த்தது. 2022இன் நீதிமன்றம், அந்தப் பிள்ளை ஏழு ஆண்டு எந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தது என்பதையும் பார்த்தது. சமமில்லாத இடங்களிலிருந்து புறப்பட்டவர்களை ஒரே கோட்டில் நிறுத்துவது சமத்துவமாகாது என்பதை ஏற்றுக்கொண்டது. இந்த 7.5 ஒவ்வொரு சமூகப் பிரிவுக்குள்ளும் தனித்தனியாகப் பிரிவதால் 69 விழுக்காட்டு இட ஒதுக்கீடும் கலையவில்லை.

சட்டம் சொல்லும் அரசுப் பள்ளிகளில் ஆதிதிராவிடர் நலப் பள்ளி, பழங்குடியினர் நலப் பள்ளி, வனத்துறைப் பள்ளி எல்லாம் அடங்கும். நம் மாவட்டத்துக்கு இது சின்ன விஷயமல்ல. ஜவ்வாது மலையில் உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கிப் படிக்கும் மலையாளிப் பழங்குடிப் பெண்ணின் பெயரும் அந்தத் தரவரிசையில் வர முடியும்.

இனி குறை. என் கணக்கில் முதல் குறை, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிள்ளைகளை இந்த ஒதுக்கீட்டில் சேர்க்க நீதிமன்றம் மறுத்தது. சட்டப்படி இந்த மறுப்பை என்னால் குற்றம் சொல்ல முடியவில்லை. கோட்டை எங்கே போடுவது என்பது சட்டமன்றத்தின் வேலை, நீதிமன்றம் புதிதாக ஒரு கோட்டை இழுக்க முடியாது. ஆனால் நியாயத்தின்படி மனம் ஒப்பவில்லை. உதவி பெறும் பள்ளியில் ஆசிரியர் சம்பளத்தை அரசுதான் கொடுக்கிறது. வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த பள்ளி அது என்பதற்காகச் சேர்த்த பூக்கட்டும் அம்மாவின் மகனும், இரண்டு தெரு தள்ளி அரசுப் பள்ளியில் சேர்ந்த ஆட்டோக்காரரின் மகனும் ஒரே நிலையில் இருப்பவர்கள். ஒருவனுக்குக் கதவு திறக்கிறது, இன்னொருவனுக்கு மூடுகிறது. ஆறாம் வகுப்பில் ஒரே ஒரு வருடம் கடன் வாங்கித் தனியார் பள்ளியில் சேர்த்து, கட்ட முடியாமல் திரும்ப அழைத்துவந்த பெற்றோரின் பிள்ளைக்கும் இதே கதிதான். மறுபக்கம், அரசுப் பள்ளிப் பதிவேட்டில் பெயர் இருந்துகொண்டே லட்சக்கணக்கில் செலவழித்து நீட் பயிற்சி பெற்றவரும் இந்த ஒதுக்கீட்டில் வரலாம். பள்ளியை மட்டும் அளவுகோலாக வைத்தால் வறுமை சில இடங்களில் வெளியே நின்றுவிடுகிறது.

சீட்டு மட்டும் போதாது என்பதை முதல் ஆண்டே காட்டியது. தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தும் கட்டணம் கட்ட வழியில்லாமல் சிலர் விட்டுவிட்டார்கள். அதன் பிறகுதான் கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு வந்தது.

ஆனால் என்னை அதிகம் உறுத்துவது தீர்ப்பின் இரண்டாம் பாதி. ஒதுக்கீட்டை ஐந்தாண்டில் மறுஆய்வு செய்ய வேண்டும், அதற்குள் அரசுப் பள்ளிகளின் தரத்தை உயர்த்த வேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது. செய்திகளில் முதல் பாதி தலைப்பாயிற்று. இது கடைசிப் பத்திக்குப் போய்விட்டது. உண்மையில் பிள்ளைகளுக்குப் பெரிய வாக்குறுதி இதில்தான் இருக்கிறது. நீட் மொத்தம் 720 மதிப்பெண். அதில் இயற்பியல் 180. ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் முதுகலை ஆசிரியர் பணியிடம் ஒரு வருடம் காலியாகக் கிடந்தால் நாலில் ஒரு பங்கு அங்கேயே போய்விடுகிறது. அதை எந்த ஒதுக்கீடும் திருப்பித் தராது. மேலும், ஒதுக்கீடே தேறியவர்களுக்குள் நடக்கும் பங்கீடுதான். தேறாத பிள்ளையை அது தொடுவதே இல்லை.

தரத்தை உயர்த்து என்ற கட்டளைக்கு நீதிமன்றம் அளவுகோல் வைத்திருக்க வேண்டும். எத்தனை காலிப் பணியிடம், எத்தனை ஆய்வகம், ஆண்டுதோறும் யார் கணக்குக் காட்டுவது என்று வைத்திருந்தால் அந்த வாக்கியத்துக்குப் பல் முளைத்திருக்கும். அப்படி இல்லாத கட்டளை நல்லெண்ணமாகவே நின்றுபோகும் ஆபத்து இருக்கிறது. மறுஆய்வு நாளில் இதே வாக்கியம் பிள்ளைகளுக்கு எதிராகத் திரும்பவும் கூடும்: பள்ளி மேம்படாமலேயே, காலம் முடிந்தது என்று சலுகையை மட்டும் எடுத்துவிடலாம்.

ஆகவே என் முடிவு இது. சட்டம் செல்லும் என்றது சரி. 1951இன் பிழையை எழுபது ஆண்டு கழித்துத் திருத்திய தெளிவு அதில் இருக்கிறது. உதவி பெறும் பள்ளிகளை விட்டது நீதிமன்றத்தைவிடச் சட்டமன்றத்தின் குறை. அதைச் சட்டமன்றமே திருத்த வேண்டும். பள்ளித் தரத்தைப் பற்றிய பகுதியோ, கண்காணிப்பு இல்லாமல் விடப்பட்ட நல்ல தீர்ப்பு.

பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் தம்பிகளே, தங்கைகளே, தீர்ப்பு நாளிலிருந்து எண்ணினால் 2027 ஏப்ரலோடு அந்த ஐந்தாண்டு முடிகிறது. உங்கள் பள்ளியில் இயற்பியல், உயிரியல் ஆசிரியர்கள் இருக்கிறார்களா, ஆய்வகத்தில் நுண்ணோக்கி வேலை செய்கிறதா என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அப்பா அம்மாவைக் கேட்கச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுப் போடுங்கள். அதற்குக் கட்டணம் 10 ரூபாய்.