நாய்க்கு பிரீமியம் உண்டு, கடிக்கு?

பஜாஜ் அலையன்ஸ் 2020-ல் கொண்டுவந்த நாய்க் காப்பீட்டை ஒரு புரோகிராமர் கண்ணோட பார்த்தா, உள்ளீடுகள் ரொம்பக் குறைவு: நாயோட உடல் அளவு, வயது, எவ்வளவு தொகைக்கு எடுக்கிறோம். உடம்பில் ஆர்.எஃப்.ஐ.டி. சிப் இருந்தா 5% தள்ளுபடி. நாய் அடுத்தவரைக் கடிச்சா வரும் பொறுப்பு, விருப்பப்பட்டா சேர்த்துக்கிற பகுதி. அதாவது விலை போடுவது முக்கியமா நாயின் உடம்புக்கு. நாயால் வரும் ஆபத்துக்கு இல்லை.

அமெரிக்காவில் கடி, வீட்டுக் காப்பீட்டுக்குள் வருது. 2023-ல் சுமார் 19,000 கோரிக்கைகள், 112 கோடி டாலர். கைக்காசு போறதால அங்கே கணக்குப் போடுறாங்க. ஆனா பல கம்பெனிகள் பிடிச்சுக்கிட்டது இனப் பட்டியலை. எந்த இனம் எத்தனை தடவை கடிச்சதுங்கிறது பின்னத்தின் தொகுதி மட்டும்தான். அந்த இனத்தில் மொத்தம் எத்தனை நாய்ங்கிற பகுதி சரியாத் தெரியாம விகிதம் எப்படி வரும்? நியூயார்க் மாநிலம் 2022 முதல் இனத்தை மட்டும் காரணம் காட்டி மறுக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டது. சட்டப்படி ஆபத்தானதுன்னு அறிவிச்ச நாய்க்கு விலக்கு உண்டு. இது நியாயமான பிரிப்பு.

நம்ம மத்திய கால்நடைத் துறையும் 2024 மார்ச்சில் 23 இனங்களைத் தடைசெய்யச் சொல்லிக் கடிதம் எழுதியது. ஏப்ரலில் கர்நாடக, டெல்லி உயர் நீதிமன்றங்கள் அதை ரத்து செய்தன.

இப்ப பாகூர், வில்லியனூர் கொம்யூன் பக்கம் வாங்க. இங்கே நிறைய நாய்கள் பாதி வளர்ப்பு. ஒரு வீட்டில் சோறு, இன்னொரு வீட்டுத் திண்ணையில் தூக்கம். இதில் 'உரிமையாளர்' யார்? கடிபட்டவர் அரசு சுகாதார நிலையத்தில் இலவசமா ஊசி போட்டுக்கிறார். முதல் நாள், அப்புறம் 3, 7, 28-ஆம் நாள்னு நாலு தடவை போகணும். கூலி வேலை செய்றவருக்கு அத்தனை நாள் சம்பளமும் போச்சு. எங்கேயும் கோரிக்கை பதிவாகலை. அதனால காப்பீட்டுக் கணக்கில் இந்த நட்டம் பூஜ்யம். நட்டம் இல்லாம இல்லை, அதைச் சுமக்கிறவர் வேற ஆள், அவ்வளவுதான்.

பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவு, விலங்கை அஜாக்கிரதையா வைத்திருப்பவருக்கு 6 மாதச் சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இல்லேன்னா இரண்டும்னு சொல்லுது. அபராதம் பொதுவா அரசுக்குப் போகும். நீதிமன்றம் தனியா உத்தரவிட்டாத்தான் அதில் ஏதாவது கடிபட்டவர் கைக்கு வரும்.

வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம்னு நாம ஏத்துக்கிட்டோம். நாய் உரிமத்தோடும் அப்படி ஒரு சின்னத் தொகை சேரலாம். அதன் விலையை இனம் தீர்மானிக்க வேண்டாம். தடுப்பூசி, கருத்தடை, முன்பு கடித்த வரலாறு, நாயை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பவை தீர்மானிக்கட்டும். பாதி வளர்ப்பு நாய்களுக்கு உரிமமே எடுக்க மாட்டாங்க. அந்தப் பங்கைக் கொம்யூன் பஞ்சாயத்துதான் கட்டணும்.